பள்ளி அலுவலகத்துக்கு எந்த மென்பொருள்? – வாசகர் கேள்வி பதில்

பள்ளி நிர்வாக மென்பொருள் பற்றி நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களுள் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். எழுதியவர்களின் பெயர்களையும் பள்ளிகள், நிறுவனங்களின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: நாங்குநேரி வட்டத்தில், எல்.கே.ஜி. முதல் பத்தாம் வகுப்பு வரை ஏறத்தாழ 600 பிள்ளைகள் படிக்கும் மெட்ரிகுலேஷன் பள்ளி ஒன்றை நடத்துகிறோம். மூன்று நிறுவனத்தார் வந்து தங்கள் மென்பொருளைத் திரையிட்டுக் காட்டினார்கள். ஒருவர், பள்ளி வாகனம் எங்கே வருகிறது என்பதைப் பெற்றோரின் கைபேசியில் காட்டுகிறார். இன்னொருவர், முகத்தைப் பார்த்து வருகையைப் பதியும் கருவி தருகிறார். மூன்றாமவர் எல்லாவற்றையும் பாதி விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். எதை வாங்குவது?
– பள்ளித் தாளாளர்

பதில்: மூவரும் காட்டியவை, அவர்களால் நன்றாகக் காட்ட முடிந்தவை. உங்கள் அலுவலக மேசையில் ஜூன் முதல் மே வரை நடக்கும் வேலை பெரும்பாலும் வேறு. அங்கே நாள்தோறும் கேட்கப்படுவது ரசீதும் சான்றிதழும் நிலுவைக் கணக்கும்தான். எனவே எதை வாங்குவது என்பதைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, உங்கள் அலுவலகத்தில் புழங்கும் தாள்களில் ஒவ்வொன்றை எடுத்து ஒரு கட்டாக வையுங்கள்: சேர்க்கை விண்ணப்பம், சேர்க்கைப் பதிவேட்டின் ஒரு பக்கம், கட்டண ரசீது, நிலுவைப் பட்டியல், மதிப்பெண் அட்டை, போனஃபைடு சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ். பிறகு மூவரையும் மறுபடி அழைத்து, அவர்கள் கொண்டுவரும் மாதிரிப் பள்ளியை மூடி வைக்கச் சொல்லி, உங்கள் பள்ளியில் கணக்குச் சிக்கலான ஐந்தாறு பிள்ளைகளின் விவரங்களை, பெயர்களை மட்டும் மாற்றி உள்ளிட்டு, அந்தத் தாள்களையெல்லாம் உங்கள் கண்முன் அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள்.

யார் யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் சோதனையின் பயன் இருக்கிறது. நம் பக்கத்தில் ஒரே வகுப்பில் இரண்டு இசக்கிமுத்துகள், அதுவும் ஒரே தலைப்பெழுத்துடன், இருப்பது வியப்பன்று. அந்த இருவரையும் மென்பொருள் எப்படிப் பிரித்துக் காட்டுகிறது என்று பாருங்கள். அதே பெயரை ஆங்கிலத்தில் சிலர் 'ஈ' (E) எழுத்திலும் சிலர் 'ஐ' (I) எழுத்திலும் தொடங்குவார்கள்; ஆதாரில் ஒன்றும் பிறப்புச் சான்றிதழில் மற்றொன்றுமாக இருக்கும். குடும்பப்பெயர் என்ற கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போகவே விடாத மென்பொருள்கள் உண்டு. தலைப்பெழுத்தோடு பெயர் எழுதும் நம் வழக்கத்துக்கு அவை ஒத்துவராதவை. அடுத்து, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு இடத்தில் சேர்ந்த ஒரு பிள்ளை: அந்தக் கட்டணம் அரசிடமிருந்து வரவேண்டியது என்று கணக்கில் நிற்க வேண்டுமே தவிர, பெற்றோரின் நிலுவையாகப் பட்டியலில் ஏறி, அவர் கைபேசிக்கு நினைவூட்டல் போய்விடக் கூடாது. மூன்றாவதாக, இரண்டு மாதம் மட்டும் பள்ளி வாகனத்தில் வந்து நின்றுவிட்ட பிள்ளை. நான்காவதாக, மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் போய் மறுவருடம் திரும்பி வந்தவர். ஐந்தாவது சற்றுக் குறும்பான சோதனை: 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானதற்கு முன்பு உங்களிடம் சேர்ந்த ஒரு பிள்ளையின் முகவரியில் மாவட்டத்தை இப்போது மாற்றச் சொல்லுங்கள். முன்னரே வழங்கிய சான்றிதழின் நகலை மறுபடி எடுக்கும்போது அதிலும் மாவட்டம் மாறிவிடுகிறது என்றால், அந்த மென்பொருளுக்குப் பதிவேடு என்றால் என்னவென்று தெரியவில்லை என்று பொருள்.

கட்டணத் தலைப்புகளையும் பாருங்கள். 2009ஆம் ஆண்டின் கட்டண ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் கட்டண நிர்ணயக் குழு உங்கள் பள்ளிக்கு நிர்ணயித்த தொகைதான் ரசீதில் வர வேண்டும். அலுவலகத்தில் யார் வேண்டுமானாலும் புதுத் தலைப்பைச் சேர்த்து வசூலிக்க இடம் தரும் மென்பொருள் பின்னர் உங்களைத்தான் விசாரணைக்கு நிறுத்தும்.

எமிஸ் பற்றி மூவரும் ஏதாவது சொல்லியிருப்பார்கள். தமிழகத்தில் தனியார் பள்ளிகள் உட்பட எல்லாப் பள்ளிகளும் மாணவர் விவரங்களைப் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்திலும், மத்திய அரசின் யூடைஸ் பிளஸ் தளத்திலும் பதிந்தாக வேண்டும். எந்த மென்பொருளை வாங்கினாலும் அந்த வேலை போய்விடாது. "எங்கள் மென்பொருளில் ஏற்றினால் எமிஸில் தானாகவே ஏறிவிடும்" என்று சொல்பவர் இருந்தால், ஒரே ஒரு மாணவரின் விவரத்தை அப்படி ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். எமிஸ் கேட்கும் வரிசையிலேயே விவரங்களை எக்செல் தாளாக எடுத்துத் தந்தாலே எழுத்தரின் வேலை பெருமளவு குறையும். அந்த அளவு போதும்.

விலையை, ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று சொல்வார்கள். பேச்சுக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 600 பேருக்கு 60,000 ரூபாய். அதன்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 10,800 ரூபாய். பள்ளிக் கல்விக்கு வரிவிலக்கு இருப்பதால், வணிகர்கள் செய்வதுபோல் இந்த வரியை நீங்கள் பின்னர் கழித்துக்கொள்ள இயலாது. அது முழுச் செலவு. இதனுடன் பழைய விவரங்களை ஏற்றித் தருவது, நேரில் வந்து பயிற்சி தருவது, குறுஞ்செய்தி, சான்றிதழின் வடிவத்தை மாற்றித் தருவது ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம் உண்டா என்று எழுத்தில் கேட்டு, ஐந்தாண்டுக் கணக்காகக் கூட்டிப் பாருங்கள். பாதி விலைக்காரரிடம் இரண்டாம் ஆண்டின் விலையைக் கேளுங்கள்.

வாகனக் கண்காணிப்பை, வாகனத்தில் ஜி.பி.எஸ். கருவி பொருத்துபவரிடமே தனியாக வாங்கிக்கொள்ளலாம். அதற்காக அலுவலக மென்பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. முகம் பார்த்து வருகை பதியும் கருவியை நான் பரிந்துரைக்க மாட்டேன். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஆசிரியர் பெயர் அழைத்து முடிக்கச் சில நிமிடங்கள் போதும். அந்தச் சில நிமிடங்களை மிச்சப்படுத்துவதற்காகக் குழந்தைகளின் முக அடையாளங்களை வெளியார் ஒருவரிடம் சேர்த்து வைப்பது தேவையற்ற பொறுப்பு.

இன்னொன்று: இந்தச் சோதனை நடக்கும்போது நீங்களும் முதல்வரும் மட்டும் உட்கார்ந்திருக்க வேண்டாம். நாள் முழுவதும் அந்தத் திரையின் முன் இருக்கப்போகும் எழுத்தரை உட்கார வைத்து, விசைப்பலகையை அவர் கையில் கொடுங்கள். வாங்கிய பிறகும் எல்லாப் பகுதிகளையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். கோடை விடுமுறையில் மாணவர் விவரங்களை ஏற்றிச் சரிபார்த்து, ஜூனில் கட்டணத்தை மட்டும் தொடங்கி, அது படிந்த பிறகு மதிப்பெண்ணுக்குப் போவது நல்லது.

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு பள்ளியில் எழுத்தராக இருக்கிறேன். இங்கே பீடி சுற்றும் தாய்மார்கள் கூலி வாங்கியதும் முந்நூறு, ஐந்நூறு என்று கொண்டுவந்து, "மீதியை அடுத்த வாரம் தாரேன்க்கா" என்று சொல்லிப் போவார்கள்; வயல் உள்ளவர்கள் பிசான நெல் அறுவடை முடிந்து மொத்தமாகத் தருவார்கள். நிர்வாகம் புதிதாக வாங்கியிருக்கும் மென்பொருள் பருவத்துக்கு ஒரு தவணை என்ற கணக்கை மட்டுமே ஏற்கிறது. ஆகவே சிறு தொகைகளை ஒரு நோட்டில் எழுதி வைத்து, தவணைத் தொகை சேர்ந்ததும் கணினியில் ஏற்றி ரசீது போடுகிறேன். இப்படிச் செய்யலாமா?

பதில்: செய்யக் கூடாது, அம்மா. முதலில் உங்கள் பாதுகாப்புக்காகவே இதைச் சொல்கிறேன். ரசீது போடாத பணம் உங்கள் மேசையில் இருக்கும் ஒவ்வொரு நாளும், கணக்கில் இல்லாத பணம் உங்களிடம் இருக்கிறது என்பதுதான் தணிக்கையாளரின் பார்வை. நோட்டு காணாமல் போனாலோ, ஒரு பெற்றோர் தொகையை மாற்றிச் சொன்னாலோ, உங்கள் பக்கம் பேச எதுவும் இருக்காது. மென்பொருள் சரிசெய்யப்படும் வரை, எண்ணிட்ட அச்சு ரசீதுப் புத்தகம் ஒன்றை நிர்வாகத்திடம் எழுதிக் கேட்டு வாங்கி, எவ்வளவு சிறிய தொகையானாலும் அன்றே ரசீது கொடுங்கள்.

குறை உங்களிடம் இல்லை. அந்த மென்பொருள் மாதச் சம்பளக்காரர்களின் ஊருக்காக எழுதப்பட்டது. நிறுவனத்திடம் நிர்வாகம் கேட்க வேண்டியவை இவை: எந்தத் தொகையையும் எந்த நாளிலும் ஏற்று மீதியைக் காட்ட வேண்டும். ரசீது எண் இடையில் விடுபடாமல் ஓட வேண்டும். தவறான ரசீதை அழிக்க இயலக் கூடாது. காரணம் எழுதி ரத்துசெய்ய மட்டுமே இயல வேண்டும், ரத்தானதும் பட்டியலில் நிற்க வேண்டும். மாலையில் அன்றைய வசூலை ரொக்கம் தனியாகவும், யு.பி.ஐ. வழி வந்தது தனியாகவும் கூட்டிக் காட்ட வேண்டும்; அந்த நாட்கணக்கைக் கணக்காளர் டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஏற்றிக்கொள்ளும் வடிவில் தர வேண்டும். தாமதக் கட்டணத்தைத் தானாகவே சேர்க்கும் வசதியை நிறுத்தி வைக்க இயல வேண்டும். தைக்குப் பிறகு கட்டுவதாக முதலிலேயே சொல்லிவைத்த விவசாயிக்கு மாதந்தோறும் அபராதச் செய்தி போவது பள்ளிக்கு அழகன்று. இவற்றை மாற்றித் தர இயலாது என்று நிறுவனம் சொன்னால், பணம் போனது போகட்டும் என்று அடுத்த ஆண்டு வேறு மென்பொருளைப் பார்ப்பதே சிக்கனம்.

ஒரு கூடுதல் செய்தி. பீடித் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு மத்திய தொழிலாளர் நல அமைச்சகத்தின் கல்வி உதவித்தொகை உண்டு. அதற்குத் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும், பள்ளியும் அதைச் சரிபார்த்து அனுப்ப வேண்டும். பெற்றோரின் தொழில் என்ற கட்டத்தை ஒழுங்காக நிரப்பி வைத்திருந்தால், தகுதியுள்ளவர்களின் பட்டியலைச் சில நொடிகளில் எடுத்துவிடலாம்.

கேள்வி: பாளையங்கோட்டையில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியர் நான். புதிய மென்பொருளில் வகுப்பாசிரியரின் திரையிலேயே மாணவர் பெயருக்குப் பக்கத்தில் சாதியும் தெரிகிறது. கேட்டால், எல்லாப் பள்ளிகளுக்கும் இப்படித்தான் தந்திருக்கிறோம் என்கிறார்கள்.

பதில்: எல்லாப் பள்ளிகளுக்கும் அப்படித் தந்திருந்தால் எல்லாப் பள்ளிகளிலும் அது தவறு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவர் வீடு புகுந்து வெட்டப்பட்டபின், பள்ளிகளில் சாதி வேற்றுமை குறித்து ஆராய, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒருநபர் குழுவை அமைத்தது நம் மாவட்டத்துக்கு நினைவூட்ட வேண்டிய செய்தியன்று. 2024 ஜூனில் அக்குழு அளித்த அறிக்கையின் பரிந்துரைகளுள் ஒன்று, மாணவர் வருகைப் பதிவேட்டில் சாதி தொடர்பான எந்த விவரமும் இருக்கக் கூடாது என்பது. தாளில் கூடாதென்றால் திரையிலும் கூடாது. திரை இன்னும் மோசம் என்றே சொல்வேன்; பதிவேட்டை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டலாம், ஆசிரியரின் கைபேசியில் திறந்திருக்கும் பக்கத்தைப் பக்கத்து இருக்கை மாணவரும் பார்ப்பார்.

சாதி விவரத்தை அடியோடு நீக்கிவிட இயலாது. உதவித்தொகைக்கும் எமிஸ் பதிவுக்கும் அது தேவைப்படுகிறது. ஆகவே மென்பொருளில் இருக்க வேண்டியது, யார் எதைப் பார்க்கலாம் என்பதைப் பிரித்து வைக்கும் அமைப்பு. தலைமையாசிரியரும் உதவித்தொகை வேலையைக் கவனிக்கும் ஒருவரும் மட்டுமே அந்தக் கட்டத்தைப் பார்க்க வேண்டும். வகுப்பாசிரியருக்கு அந்தக் கட்டம் இருப்பதே தெரியக் கூடாது. நிறுவனத்தார் மாற்றிவிட்டோம் என்று சொன்னவுடன் நம்பிவிடாமல், ஒரு வகுப்பாசிரியரின் கடவுச்சொல்லால் நுழைந்து, வருகைப் பக்கம், மதிப்பெண் பக்கம், தேர்வு இருக்கைப் பட்டியல் ஆகியவற்றைத் திறந்து பாருங்கள். குறிப்பாக, வகுப்புப் பட்டியலை எக்செலாக இறக்கிப் பாருங்கள். திரையில் மறைத்த கட்டம் இறக்கிய தாளில் அப்படியே வந்து நிற்பதைப் பல மென்பொருள்களில் காணலாம். மாற்றுத்திறன், பெற்றோரின் மணமுறிவு, மருத்துவக் குறிப்பு ஆகியவற்றுக்கும் இதே கட்டுப்பாடு வேண்டும். இவ்வளவையும் செய்துவிட்டு, ஒரே கடவுச்சொல்லை அலுவலகச் சுவரில் எழுதி ஒட்டி வைத்தால் எல்லாம் வீண்.

உங்கள் பள்ளியில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களுக்கான சம்பளம் கருவூலத்தின் வழியே வருவதால், சம்பளப் பட்டியல் பகுதிக்குப் பணம் கேட்டால் அதை விட்டுவிடுங்கள்.

கேள்வி: எங்கள் பழைய மாணவர் பட்டியல் வானவில் எழுத்துருவில் இருக்கிறது. புதிய மென்பொருளில் ஏற்றினால் பெயர்கள் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிகின்றன. தமிழில் குறுஞ்செய்தி அனுப்பினால் செலவு கூடும் என்பதும் உண்மையா?
– கணினி ஆசிரியர், ஆலங்குளம்

பதில்: பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தவை, எழுத்துருவை எடுத்துவிட்டால் அடியில் இருக்கும் ஆங்கிலம்தான் மிஞ்சும். தமிழக அரசு 2010இல் யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டு முறையை ஏற்றுக்கொண்ட பிறகும் அலுவலகங்களில் பழைய எழுத்துருக்கள் நீண்ட காலம் புழங்கின. இணையத்தில் கிடைக்கும் எழுத்துரு மாற்றியைக் கொண்டு முழுப் பட்டியலையும் முதலில் யூனிகோடாக்கிவிட்டு, பிறகு ஏற்றுங்கள். ஒகர ஓகாரக் குறிகளும் ஸ்ரீ, ஜ, ஷ போன்ற எழுத்துகளும் வரும் பெயர்களைக் கட்டாயம் கண்ணால் சரிபாருங்கள். மாற்றிகள் தடுமாறுவது பெரும்பாலும் அங்கேதான்.

குறுஞ்செய்திச் செலவு கூடுவது உண்மை. ஒரு செய்தியில் ஆங்கில எழுத்துகள் 160 அடங்கும். தமிழுக்கு யூனிகோடு என்பதால் 70தான். அதிலும் புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் தனித்தனியாக எண்ணப்படும். "பள்ளிக்கு நாளை விடுமுறை" என்பதில் நம் கண்ணுக்குப் பதினோரு எழுத்துகளும் இரண்டு இடைவெளிகளும் தெரிகின்றன; கணினி அதை 23 என்று எண்ணுகிறது. எழுபதைத் தாண்டினால் இரண்டு செய்திகளுக்கான கட்டணம். அதற்காக ஆங்கிலத்தில் அனுப்பிப் பெற்றோரைத் திகைக்க வைக்க வேண்டாம். சுருக்கமாக எழுதப் பழகினால் போதும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி, அனுப்புநர் பெயரையும் செய்தி வாசகத்தையும் முன்னதாகவே பதிவுசெய்ய வேண்டும். அந்தப் பதிவு மென்பொருள் நிறுவனத்தின் பெயரில் இல்லாமல் பள்ளியின் பெயரிலேயே இருக்கட்டும். நாளை நிறுவனத்தை மாற்றினாலும் அது உங்களிடமே இருக்கும்.

விடுமுறை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஆனித் தேரோட்டத்துக்கு மாவட்ட ஆட்சியர் உள்ளூர் விடுமுறை அறிவித்து, அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமையை வேலை நாளாக்கும்போது, வருகைக் கணக்கு அதை ஏற்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகளின் பள்ளிச் செயலி என் கைபேசியிலுள்ள தொடர்பு எண்களையும் இருப்பிடத்தையும் பார்க்க அனுமதி கேட்கிறது. ஆதார் எண்ணைத் தராவிட்டால் அடுத்த பக்கத்துக்குப் போகவில்லை. மறுக்கலாமா?
– ஒரு தாய், திசையன்விளை

பதில்: தொடர்பு எண்களைப் பார்க்கப் பள்ளிச் செயலிக்கு எந்தத் தேவையும் இல்லை, கைபேசியின் அமைப்புப் பக்கத்தில் அந்த அனுமதியை மறுத்துவிடுங்கள். பள்ளிச் சேர்க்கைக்கு ஆதார் கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத அனைவரையும் குழந்தைகளாகக் கருதி, அவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதங்களில் நடைமுறைக்கு வருகின்றன. கற்பித்தலுக்கும் பிள்ளைகளின் பாதுகாப்புக்குமான அளவில் கல்வி நிலையங்களுக்குச் சில விலக்குகள் உண்டென்றாலும், தொடர்பு எண்களைத் திரட்டுவது அதில் அடங்காது. பள்ளி நிர்வாகங்களும் இதைக் கவனிக்க வேண்டும்: நிறுவனம் செய்யும் தவறுக்கும் சட்டத்தின் முன் பொறுப்பாளி பள்ளிதான். ஆதார் எண் தராமல் செயலி திறக்காவிட்டால், தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதி, மதிப்பெண் அட்டையைத் தாளில் தருமாறு கேளுங்கள்.

கேள்வி: களக்காட்டில் 140 பிள்ளைகள் படிக்கும் நர்சரி தொடக்கப் பள்ளி எங்களுடையது. இலவச மென்பொருள் கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். கிப்பன், ரொசாரியோசிஸ் போன்றவை திறந்த மூல மென்பொருள்கள்; உரிமக் கட்டணம் இல்லை. ஆனால் அவற்றை நிறுவவும், பழுது பார்க்கவும், நம் ரசீது வடிவத்துக்கு மாற்றவும் ஓர் ஆள் வேண்டும். ஆசிரியை ஒருவரின் தம்பி ஆர்வத்தோடு நிறுவித் தருவார். அவர் வேலை கிடைத்துச் சென்னைக்கோ வளைகுடாவுக்கோ போனபின் யார் பார்ப்பது என்பதை முடிவுசெய்துவிட்டுத் தொடங்குங்கள். 140 பேருக்கு, நன்றாக அமைத்த எக்செல் தாள்களும் எண்ணிட்ட ரசீதுப் புத்தகமும் போதும் என்பதே என் கருத்து. எமிஸ் இருக்கவே இருக்கிறது.

கேள்வி: 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் பள்ளியின் பதிவேடுகளும் அலுவலகக் கணினியும் சேற்றில் மூழ்கின. இனி எல்லாவற்றையும் இணையத்தில் வைத்துவிடலாம் என்று ஒரு நிறுவனம் சொல்கிறது. நம்பலாமா?
– பள்ளிச் செயலர், ஏரல்

பதில்: காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டிய அந்த டிசம்பர் 17, 18 தேதிகளுக்குப் பிறகு, தரைத்தளக் கணினி ஒன்றில் மட்டும் எல்லாவற்றையும் வைப்பது கூடாத காரியம். இணையத்தில் வைத்திருந்தால் விவரங்கள் பிழைத்திருக்கும். ஆனால் மின்சாரமும் அலைபேசித் தொடர்பும் இல்லாத அந்த நாள்களில், எந்தப் பிள்ளையின் வீடு எங்கே, யாரை அழைப்பது என்று பார்க்க அதைத் திறந்திருக்க இயலாது. எனவே இணையத்தில் ஒன்று, வாரந்தோறும் இறக்கி எடுத்த பிரதி ஒன்று, பெயர், முகவரி, தொலைபேசி எண்களின் அச்சுப் பட்டியல் ஒன்று என மூன்றும் வேண்டும். இறக்கிய பிரதி இருக்க வேண்டிய இடம் பள்ளிக் கட்டிடமன்று. ஆற்றங்கரையிலிருந்து விலகிய வேறோர் ஊரில், பொறுப்பான ஒருவரின் மாடி வீடு. சேர்க்கைப் பதிவேடு நிலையான ஆவணம் என்பதால், ஆண்டுதோறும் சேர்க்கை முடிந்தவுடன் அதை அச்சிட்டுக் கையொப்பமிட்டுப் புத்தகமாகக் கட்டி வையுங்கள்.

வெள்ளத்தைவிட அடிக்கடி வருவது, நிறுவனம் மூடப்படுவதும் நிறுவனத்தோடு பிணக்கு ஏற்படுவதும். புதுப்பித்தல் கட்டணம் தாமதமானால் திரை பூட்டப்பட்டு, உங்கள் மாணவர் விவரங்களை உங்களாலேயே பார்க்க இயலாத நிலை வரக்கூடும். ஒப்பந்தத்தில், விவரங்கள் பள்ளியின் உடைமை என்பதையும், ஒப்பந்தம் முடிந்தால் 30 நாள்களுக்குள் கட்டணமின்றி எல்லாவற்றையும் எக்செல் வடிவில் தர வேண்டும் என்பதையும், தந்தபின் தங்களிடம் உள்ளதை அழித்துவிட்டதாக எழுதித் தர வேண்டும் என்பதையும் சேருங்கள். ஒப்பந்த வாசகத்தோடு நிறுத்திவிடாமல், மென்பொருளை நிறுவிய முதல் மாதத்திலேயே, மாணவர் படங்களும் ரசீதுகளும் உட்பட முழு விவரத்தையும் ஒருமுறை இறக்கித் தரச் சொல்லி, அவர்களுடைய மென்பொருள் இல்லாத வேறொரு கணினியில் அதைத் திறந்து, பத்துப் பிள்ளைகளின் விவரங்களைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு மீதித் தொகையைக் கொடுங்கள்.